ஒரே கடையில் மூன்று தலைமுறை

ஜொகூரில் வாழும் நமது சகோதரர்களுள் அநேகர் கடை நடத்துகிறவர்கள். அல்லது கடையில் உழைக்கிறவர்கள். அல்லது கடையில் உழைத்த தந்தைக்குப் பிறந்து, இன்று ஆபீசிலோ தொழிற்சாலையிலோ உத்தியோகம் பார்க்கிறவர்கள். சாப்பாட்டுக்கடை, நாணய மாற்றுக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை, பத்திரிகைக்கடை என எந்தத் தொழிலை எடுத்துக்கொண்டாலும், அறுபதைக் கடந்த பெரியவரும், நாற்பத்தைந்து வயதுக் குடும்பஸ்தரும், இருபது வயது வாலிபரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதைக் காண்கிறோம். "உங்களுக்குள் ஒத்துப்போகிறதா?" என்று கேட்டால், "எங்கே ஒத்துப்போகிறது!" என்று மூவரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது. மற்ற எல்லா விஷயங்களிலும் அபிப்பிராய பேதம் உள்ளவர்கள் இந்த ஒன்றில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள்!

இந்த விஷயத்தையே இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடாமல், வீட்டிலும் கடையிலும் பேசிப் பார்க்கவேண்டும் என்பது நமது விருப்பம். அதற்கு உதவியாகக் கடைசியில் சில வினாக்களையும் கொடுத்திருக்கிறோம்.

1. காலம் எவ்வாறு மாறியிருக்கிறது?

முற்காலத்தில் நமது கடைகளின் நடைமுறை எளிமையானதாக இருந்தது. இராமநாதபுரம், தென்காசி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கினார்கள். சிறுவனாக வந்தவன் முதலில் மேசை துடைத்தான். பிறகு தண்ணீர் கலக்கினான். பிறகு அடுப்படிக்குப் போனான். முதலாளியின் நம்பிக்கையைப் பெற்ற பின்னர்தான் கல்லாவில் உட்கார்ந்தான். மூத்தவர் சொல்வார், இளையவர் கேட்பார். கேள்வி கேட்பது வழக்கமில்லை. கேட்கவேண்டிய அவசியமும் அதிகம் இருக்கவில்லை. ஏனெனில் மூத்தவர் அறிந்த கடையும் இளையவர் நடத்தப்போகும் கடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

இன்று அப்படியில்லை. மாறியவற்றுள் முக்கியமான ஐந்தை மட்டும் கூறுவோம்.

முதலாவது, வயது. தனியார் துறையில் 55 வயதிலேயே ஓய்வு கொடுத்து அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டு, 2013 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி வயதைக் காரணம் காட்டி 60-க்கு முன் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. மக்கட்தொகையும் மூத்துக்கொண்டு வருகிறது. 2010 கணக்கெடுப்பில் மலேசியரில் நூற்றுக்கு 5 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். 2020-ல் அது 6.8 ஆக உயர்ந்தது.

இரண்டாவது, அக்கரைச் சம்பளம். 1924-ல் முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தின் வழியே அன்றுமுதல் இன்றுவரை நம் பிள்ளைகள் வேலைக்குப் போய்வருகிறார்கள். சிங்கப்பூர் டாலர் ஒன்றுக்கு மூன்று ரிங்கிட் அளவில் கிடைக்கும்போது, உள்ளூர்க் கடையில் நிற்கும் வாலிபனின் கண் அக்கரை போவதில் வியப்பில்லை. 2025 ஜனவரி 7-ல் இரு நாடுகளும் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. இக்கரையிலும் புதிய வேலைகள் வரும். அவற்றுக்கும் நம் கடைகளிலிருந்தே ஆட்கள் போவார்கள்.

மூன்றாவது, கணக்கும் காசும். கல்லாப்பெட்டியில் விழுந்த சில்லறை இப்போது கைப்பேசி வழியே வங்கிக்குப் போகிறது. மின்-விலைப்பட்டியல் முறையை உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1-ல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கியது. பேரேட்டில் கையால் எழுதிப் பழகிய கணக்கப்பிள்ளைக்கு இது புதிய உலகம்.

நான்காவது, சட்டம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. வாரத்திற்கு 48 மணி என்றிருந்த வேலை நேரம் 45 மணியாயிற்று. பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. தந்தைக்கும் 7 நாள் விடுப்பு வந்தது. ஐந்துபேர், அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதலும், அதற்குக் குறைந்தோர் உள்ள இடங்களில் 2025 ஆகஸ்ட் 1 முதலும் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆயிற்று.

ஐந்தாவது, நமது மாநிலத்திற்கே உரியது. 2014 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன; 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு என்றாயிற்று. பதினோராண்டுப் பழக்கம் ஒரே நாளில் மாறியது. எந்த நாளில் கூட்டம், யாருக்கு எந்த நாள் ஓய்வு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடையில் யார் நிற்பது என்று எல்லாவற்றையும் புதிதாக எழுதவேண்டியதாயிற்று.

இத்தனையும் சேர்ந்து வந்ததன் விளைவு யாதெனில், மூத்தவர் மட்டுமே அறிந்த விஷயங்களும் இளையவர் மட்டுமே அறிந்த விஷயங்களும் ஒரே கடையில் இருக்கின்றன. இரண்டும் இல்லாமல் கடை நடவாது.

2. ஒரு கடையின் கதை

நாம் அறிந்த ஒரு சாப்பாட்டுக்கடையின் கதையைச் சொல்கிறோம். ஊர் பெயரும் கடையின் பெயரும் வேண்டா. இது யாரையும் குறை கூறுவதற்காக எழுதப்படுவதன்று.

அந்தக் கடையின் பண்டாரி முப்பத்தோராண்டு அதே அடுப்படியில் நின்றவர். அவர் வைக்கும் ஆட்டுக்கறிக்காகவே தூரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். மசாலாவை அவர் சுபுஹுக்கு முன்பே தனியாக இருந்து கூட்டி வைத்துவிடுவார். எவ்வளவு மிளகாய், எவ்வளவு சோம்பு, எப்போது எது என்பது அவர் கைக்கு மட்டுமே தெரியும். முதலாளியும் ஒருநாளும் கேட்டதில்லை.

முதலாளியின் மகன் கணக்கியல் படித்து முடித்துக் கடைக்கு வந்தார். நல்ல பிள்ளை, உழைப்பாளி. வந்த மூன்றாம் மாதமே, மேசையில் எழுதும் ஆர்டர் நேரே அடுப்படியில் உள்ள திரையில் தெரியும்படி ஒரு புதிய ஏற்பாடு செய்தார். பணம் நிறையச் செலவாயிற்று. ஆனால் பண்டாரி அந்தத் திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பையன்கள் வாயால் வந்து சொன்னால்தான் பரிமாறுவார். ஆர்டர்கள் தவறின. கூட்டமான ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வாடிக்கையாளர் முன்னிலையில், "மாமா, கண்ணு முன்னால இருக்கறதைக்கூடப் பார்க்க மாட்டீங்களா?" என்று மகன் சத்தம் போட்டுவிட்டார். பண்டாரி ஒன்றும் பேசவில்லை. மறுமாதம் ஊருக்குப் போகிறேன் என்று புறப்பட்டார், திரும்பி வரவில்லை.

அவரோடு அந்தக் கறியும் போயிற்று. புதிதாக வந்தவர்கள் எவ்வளவோ முயன்றும் அந்தப் பக்குவம் வரவில்லை. கூட்டம் குறைந்தது, ஒன்றரை ஆண்டில் கடை மூடப்பட்டது. மகன் இன்று பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்கிறார்.

பிற்பாடு ஊரில் பண்டாரியைச் சந்தித்தபோது, "திரையை ஏன் பார்க்கவில்லை?" என்று கேட்டோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அதுல இங்கிலீஷு எழுத்துல்ல வரும். எனக்குத் தமிழ் எழுத்து மட்டுந்தான் தெரியும்."

முப்பத்தோராண்டு உடனிருந்த முதலாளிக்கு அது தெரியாது. மகனும் கேட்கவில்லை. பண்டாரியும் சொல்லவில்லை. திரையில் பண்டங்களின் பெயரைத் தமிழில் தட்டி வைக்க அரைமணி நேரம்கூடப் பிடித்திருக்காது.

3. இரண்டு அச்சங்கள்

இக்கதையில் சோம்பேறி இல்லை, கெட்டவர் இல்லை. பின் ஏன் கடை போயிற்று? நாம் யோசித்துப் பார்த்ததில், காரணம் இரண்டு அச்சங்கள்.

மசாலாக் கணக்கை ஏன் யாருக்கும் சொல்லித்தரவில்லை என்று பண்டாரியைக் கேட்டோம். "எழுதிக் குடுத்துட்டா அடுத்த நாள் என்னைய எதுக்கு வச்சிருப்பாங்க?" என்றார். இது மூத்தவரின் அச்சம். தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் தம் இடம் போய்விடும் என்று அவர் நினைக்கிறார். தெரியாததை ஒப்புக்கொண்டாலும் இடம் போய்விடும் என்று நினைக்கிறார்.

மகனிடம், "திரை வைக்குமுன் பண்டாரியைக் கலந்தீர்களா?" என்று கேட்டோம். "எல்லாத்தையும் கேட்டுக் கேட்டுச் செஞ்சா, முதலாளி மகனுக்கு ஒண்ணும் தெரியலைன்னு சிரிப்பாங்க," என்றார். இது இளையவரின் அச்சம். கேட்டால் மதிப்புப் போய்விடும் என்று அவர் நினைக்கிறார்.

ஒருவர் சொல்ல அஞ்சுகிறார். மற்றவர் கேட்க அஞ்சுகிறார். இந்த இரண்டு அச்சங்களையும் நீக்குவதே மூன்று தலைமுறை வேலை செய்யும் இடத்தில் நிர்வாகத்தின் முதல் கடமை. இப்பாடத்தில் நாம் சொல்லவந்தது இதுவே.

4. "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்ற பேச்சு

இளையவர்களைப் பற்றிப் பேசும்போது இன்று ஆங்கில எழுத்துகளால் தலைமுறைக்குப் பெயர் சூட்டி, "இவர்கள் இப்படித்தான்" என்று முடிவு கட்டுகிறார்கள். பெரியவர்களைப் பற்றியும் "பழைய பஞ்சாங்கம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இந்தப் பெயர்களால் நிர்வாகத்திற்குப் பயன் உண்டா?

அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் இக்கேள்வியை ஆராய்ந்து 2020-ல் அறிக்கை வெளியிட்டன. தலைமுறைப் பெயரை வைத்து ஊழியர்களைப் பிரித்து நடத்துவதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே அவ்வறிக்கையின் சாரம். வித்தியாசம் போல் தோன்றுபவற்றில் பெரும்பகுதி, ஒருவர் இப்போது இருக்கும் வயதினாலும், எல்லோரையும் ஒருசேர மாற்றிய காலத்தினாலும் வருவது.

நமது கடையிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இருபது வயதுப் பையன் ஓரிடத்தில் நிலைக்காமல் வேலை மாறுகிறான் என்கிறோம். நாம் இருபது வயதில் என்ன செய்தோம்? அநேகர் கடல் கடந்தே வந்தோம்! குடும்பப் பொறுப்பில்லாத வயதில் கால் நகரும். இது வயதின் குணம். பையன் எந்நேரமும் கைப்பேசியைப் பார்க்கிறான் என்கிறோம். அறுபது வயதுப் பெரியவரும் தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு அதைத்தானே பார்க்கிறார்? இது காலத்தின் குணம். வார விடுமுறை மாறியபோதும் அவ்வாறே. 2014-க்கு முன் வேலை செய்த மூத்தவர்கள், "நாங்கள் முன்பு பார்த்த முறைதானே" என்று எளிதாக எடுத்துக்கொண்டார்கள். பள்ளிப் பருவம் முதல் வெள்ளி, சனி விடுமுறையையே அறிந்த இருபத்திரண்டு வயது வாலிபர்களுக்குத்தான் அது புதுமை. மாற்றத்துக்கு அஞ்சுவது கிழவர் குணம் என்பது அங்கே பொய்யாயிற்று.

ஆகவே, தலைமுறையின் பெயரைக் கேட்டு ஆளை எடைபோட வேண்டா. இந்த மனிதருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எது கஷ்டம் என்று அவரையே கேட்டறிவதுதான் நிர்வாகம்.

5. மூத்தவர்களுக்கு

பெரியவர்களே, முதலில் உங்களிடம் சொல்ல விரும்புவது: உங்கள் கையிலுள்ள தொழிலைச் சொல்லிக்கொடுங்கள். சொல்லிக்கொடுக்காத தொழில் உங்களோடு போய்விடும்; கடையும் போய்விட்டால் உங்கள் பெயரைச் சொல்ல அங்கே எதுவும் இராது. ஜொகூர் பாருவின் ஜாலான் தான் ஹியோக் நீ தெருவில் ஹியாப் ஜூ ரொட்டிக்கடை 1919 முதலும், ஜாலான் டோபியில் சலாஹுதீன் ரொட்டிக்கடை 1937 முதலும் இருந்துவருகின்றன. பினாங்கில் ஹமீதியா நாசி கண்டார் கடை 1907-ல் தொடங்கியது. ஒரு மனிதரின் ஆயுளைத் தாண்டி ஒரு ருசி நிற்கிறதென்றால், யாரோ ஒரு மூத்தவர் யாரோ ஓர் இளையவருக்குக் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்திருக்கிறார் என்பது பொருள்.

இரண்டாவது, "இப்படிச் செய்" என்று மட்டும் சொல்லாமல், ஏன் என்பதையும் சொல்லுங்கள். "வெங்காயம் சிவக்கும்வரை தூள் போடாதே" என்பது கட்டளை. "முன்னால் போட்டால் தூள் கருகிக் கசக்கும்" என்பது காரணம். கட்டளை மட்டும் கேட்டவன் நீங்கள் இல்லாத நாளில் தடுமாறுவான். காரணம் அறிந்தவன் சமாளிப்பான்.

மூன்றாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில் இழுக்கில்லை. அந்தப் பண்டாரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கதை வேறாக இருந்திருக்கும்.

6. இளையவர்களுக்கு

தம்பிமார்களே, தங்கைமார்களே! புதிய வேலையில் சேர்ந்ததும் முதல் தொண்ணூறு நாள் எதையும் மாற்ற முற்படாமல், பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த வாடிக்கையாளர் எந்த நாள் வருகிறார், எந்தச் சரக்கு யாரிடம் கடனுக்குக் கிடைக்கும், யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் எந்தக் கணினியிலும் இராது. அது பெரியவர்களின் மனத்தில் இருக்கிறது. கேட்டால்தான் வரும்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "இதை ஏன் இன்னும் இப்படிச் செய்றீங்க?" என்று கேட்டால் சண்டை வரும். "மாமா, இதை இப்படிச் செய்றதுக்கு என்ன காரணம்?" என்று கேட்டால் பாடம் வரும்.

புதிய முறையைக் கொண்டுவரும்போது அதைக் கற்பிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. ஒருமுறை வேகமாகச் செய்து காட்டிவிட்டு "அவ்வளவுதான்" என்று போய்விட வேண்டா. அவர் கையாலேயே மூன்றுமுறை செய்ய வையுங்கள். மற்றவர் முன்னிலையில் திருத்த வேண்டா.

சேமிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊழியர் சேமநிதி வாரியம் 2024 மே மாதத்தில் கணக்கை மூன்றாகப் பிரித்தது. சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக் கணக்கிற்கும், 15 விழுக்காடு நல்வாழ்வுக் கணக்கிற்கும், 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கிற்கும் போகிறது. எடுக்க முடியும் என்பதற்காக மாதந்தோறும் எடுத்துவிடாதீர்கள். சம்பளம் கையில் கொஞ்சம் கூடத் தருகிறேன், சேமநிதி வேண்டாம் என்று எந்த முதலாளி சொன்னாலும் இணங்காதீர்கள். வயதான காலத்தில் யாருக்கும் அஞ்சாமல் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் தைரியம் அந்தச் சேமிப்பிலிருந்துதான் வரும்.

7. முதலாளிமார்க்கு

அச்சத்தை நீக்கவேண்டியவர் முதலாளி என்றோம். எப்படி நீக்குவது? ஆறு யோசனைகளைச் சொல்கிறோம்.

(அ) மூத்தவருக்கு உறுதி கொடுங்கள். அதை எழுதிக் கொடுங்கள். "தொழிலைக் கற்றுக்கொடுங்கள், இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள், அதற்காக மாதம் இவ்வளவு சேர்த்துத் தருகிறோம், அடுத்த மூன்று ஆண்டுக்கு உங்கள் வேலைக்குப் பயமில்லை" என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கற்பித்தால் வேலை போகும் என்ற அச்சம், கற்பித்தால் வருமானம் கூடும் என்ற நம்பிக்கையாக மாறட்டும். 60 வயதைக் கடந்த பின்னும் இருவரும் சம்மதித்தால் வேலையில் தொடரத் தடையில்லை. மலேசியக் குடிமக்களான அத்தகையோருக்கு முதலாளி செலுத்தவேண்டிய குறைந்தபட்சச் சேமநிதி 4 விழுக்காடு. 60-க்குக் கீழே 5,000 ரிங்கிட் வரை சம்பளமுள்ளவர்க்கு அது 13 விழுக்காடு. அக்கரையில் சிங்கப்பூர் 2022 ஜூலை 1 முதல் ஓய்வு வயதை 63 ஆகவும், மறுவேலை வயதை 68 ஆகவும் உயர்த்தியது. 2026 ஜூலை 1 முதல் அவற்றை 64, 69 என்று நிர்ணயித்தது. அனுபவசாலிகளை இழக்க அவர்கள் விரும்பவில்லை. நாமும் ஏன் இழக்கவேண்டும்?

(ஆ) வேலையிடத்தை வயதுக்கு ஏற்றதாக்குங்கள். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் என்னுமிடத்தில் உள்ள பி.எம்.டபிள்யூ. மோட்டார் தொழிற்சாலையில் 2007-ல் ஒரு சோதனை செய்தார்கள். பத்தாண்டுக்குப் பின் தொழிலாளரின் சராசரி வயது 47 ஆகிவிடும் என்று கணித்து, அதே சராசரி வயதுள்ள 42 பேரை ஒரு பிரிவில் அமர்த்தினார்கள். என்ன மாற்றவேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். மரத்தரை, உட்கார்ந்து செய்ய நாற்காலி, பெரிய எழுத்துள்ள திரை, உருப்பெருக்கும் கண்ணாடி என ஏறக்குறைய 70 சிறு மாற்றங்கள். செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 விழுக்காடு உயர்ந்தது. நமது கடைக்கு அவ்வளவு வேண்டியதில்லை. கல்லாவில் முதுகு சாயும் நாற்காலி, அடுப்படியில் கால் வழுக்காத ரப்பர் விரிப்பு, திரையில் தமிழ் எழுத்து: இவ்வளவே பெரும் உதவி.

(இ) இளையவரை ஆசிரியராக்குங்கள். 1999-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத் தலைவர் ஜாக் வெல்ச், தமது உயர் அதிகாரிகள் 500 பேரையும் இளம் ஊழியர்களிடம் இணையத்தைக் கற்றுக்கொள்ளும்படி பணித்தார்; தாமும் கற்றார். தலைவரே மாணவராக உட்கார்ந்தபின் மற்றவருக்கு என்ன வெட்கம்? கைப்பேசிப் பணக்கணக்கை முதலாளியே முதலில் பையனிடம் கற்றுக்கொள்ளட்டும். அதைப் பண்டாரியும் பார்க்கட்டும்.

(ஈ) ஜோடி சேருங்கள். மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர் என்று சேர்த்து, வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அரைமணி இவர் அவருக்கு. அரைமணி அவர் இவருக்கு. அது வேலை நேரத்திலேயே இருக்கட்டும். ஓய்வு நேரத்தைப் பிடுங்கிக் கற்பிக்கும் பாடம் கசக்கும்.

(உ) நேர அட்டவணையைக் கலந்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மீண்டும் வேலை நாளானபோது, நாம் அறிந்த ஒரு கடையில் முதலாளி எல்லோரையும் உட்கார வைத்தார். எந்த மணிக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்பதைப் பெரியவர் சொன்னார். கல்லாவில் இருந்த பெண் அதைக் கட்டம் போட்டு எழுதிச் சுவரில் ஒட்டினார். ஜும்ஆ நேரத்தில் கடையைச் சாத்துவது, அதனால் குறையும் வியாபாரத்தை மாலையில் ஈடுசெய்வது என்று முடிவாயிற்று. தாங்களே எழுதிய அட்டவணையாதலால் யாரும் முணுமுணுக்கவில்லை. இதற்குச் சட்டமும் துணை நிற்கிறது. வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றிக் கேட்டு ஊழியர் எழுத்தில் விண்ணப்பித்தால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும். மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். முழங்கால் வலியுள்ள பெரியவருக்கும், கைக்குழந்தை உள்ள தாய்க்கும், மாலை வகுப்புக்குப் போகும் வாலிபருக்கும் இவ்விதி ஒன்றே.

(ஊ) பயிற்சிக்குச் செலவிடுங்கள். சட்டத்திற்கு உட்பட்ட தொழில்களில் 10 மலேசியரோ அதற்கு மேலோ வேலை செய்தால், சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டவேண்டும். அது நம் ஊழியர்களின் பயிற்சிக்கே பயன்படுத்தத்தக்கது. கட்டிவிட்டுச் சும்மா இருப்பது, விருந்துக்குப் பணம் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடப்பது போலாகும்.

8. மகனோ மகளோ கடைக்கு வரும்போது

முதலாளியின் பிள்ளை படித்துவிட்டு வரும்போது கடையில் எல்லோர் மனத்திலும் ஒரு கேள்வி எழும்: "இனி யார் சொல்வதைக் கேட்பது?" இதற்கு விடை சொல்லாமல் விட்டால், சிப்பந்திகள் அத்தாவிடம் ஒன்றும் மகனிடம் ஒன்றுமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். ஆகவே வந்த முதல் நாளே பொறுப்பைப் பிரித்து எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடவேண்டும். கணக்கும் வரியும் மகள் பொறுப்பு. சமையலும் சரக்கும் பண்டாரி பொறுப்பு. இருவருக்கும் பேதம் வந்தால் முதலாளி தீர்ப்பு. பிள்ளைக்குக் கொடுத்த பொறுப்பில் அத்தா பின்னாலிருந்து கை நீட்டவும் கூடாது.

பிள்ளையும் ஆறு மாதமாவது மேசை துடைப்பதிலிருந்து தொடங்கவேண்டும். அது தண்டனையன்று. கடையின் ஒவ்வொரு மூலையிலும் நின்றவர் சொல்லும் சொல்லுக்குத்தான் அங்கே மதிப்பு. கடைக்கு வர விருப்பமில்லாத பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டா. மனமின்றி உட்காரும் மகனைவிட, மனம் ஒன்றி உழைக்கும் சிப்பந்தியைப் பங்காளியாக்கிக் கொள்வது கடைக்கு நல்லது.

9. முடிவாக

அந்தப் பண்டாரியை நாம் சந்தித்த அன்று, விடைபெறும் வேளையில் அவர் ஒன்று கேட்டார்: "முதலாளி மவன் நல்லா இருக்காரா?" இருக்கிறார் என்றோம். "நல்ல புள்ளை. கொஞ்சம் பொறுத்திருந்தா நானே கூப்பிட்டுச் சொல்லிக் குடுத்திருப்பேன்," என்றார். மகனைச் சந்தித்தபோது அவரும், "மாமா திரும்பி வந்திருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பேன்," என்றார். இருவர் மனத்திலும் வார்த்தை இருந்தது; சொல்வதற்கு இடமில்லாமற் போயிற்று. அந்த இடத்தை உண்டாக்கித் தருவதைவிடப் பெரிய நிர்வாகத் திறமை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

உங்கள் கடையிலும் ஒரு பண்டாரி இருப்பார். ஒரு மகன் இருப்பார். அவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். இன்றே பேசுங்கள்.

கலந்துரையாடலுக்கு வினாக்கள்

1. உங்கள் வேலையிடத்தில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த காரியங்கள் எவை? அவர் நாளை வராவிட்டால் என்ன ஆகும்?

2. அங்கே உள்ள அறிவிப்புகளையும் திரைகளையும் எல்லோராலும் படிக்க முடிகிறதா? எப்போதாவது கேட்டதுண்டா?

3. கடந்த ஒரு மாதத்தில் உங்களைவிட வயதில் இளையவரிடமிருந்து நீங்கள் கற்ற ஒன்றைக் கூறுக. மூத்தவரிடமிருந்து கற்ற ஒன்றைக் கூறுக.

4. ஒருவர் தம் தொழிலைப் பிறருக்குக் கற்பித்தால், உங்கள் கடையில் அவருக்கு இலாபமா, நஷ்டமா?

5. இப்பாடத்தின் 7-ஆம் பகுதியிலுள்ள ஆறு யோசனைகளில், வரும் வாரத்திலேயே உங்கள் கடையில் தொடங்கக்கூடியது எது? யார் தொடங்குவது?